மூன்று போன்களில் ஒரு அம்மா

என் அம்மாவுக்குப் போனில் பேசப் பிடிக்காது. போனிடம் பேசத்தான் பிடிக்கும். நாம் அழைத்தால் "நல்லா கீறேன், நீ நல்லா கீறியா, வெச்சுடறேன்" என்று மூச்சு விடுவதற்குள் முடித்துவிடுவாள். அதே அம்மா அந்த மைக் படத்தின் மேல் கட்டைவிரலை அழுத்திக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப உட்கார்ந்தால், அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தால்தான் நிறுத்துவாள்.

இந்தப் பழக்கத்துக்குக் காரணம் நாங்கள்தான். அப்பா போன பிறகு அம்மா அச்சரப்பாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் வீட்டில் தனியாக இருக்கிறாள். பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். அண்ணன் மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். கேட்டுக்குள் நுழையும்போதே போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். தங்கச்சி செங்கல்பட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பில் போனைத் தொட்டால் பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்கே திட்டு விழும். நடுவில் பிறந்த நான் கோவளத்தில் குடியிருக்கிறேன், மகாபலிபுரம் போகிற வழியில் கடலைப் பார்த்த ஒரு ஓட்டலில் ரிசப்ஷனில் வேலை. நாள் முழுக்க ஊரார் போனை எடுக்கிறவளுக்குத் தன் போனை எடுக்க நேரம் ஏது? அம்மா யாரைக் கூப்பிட்டாலும் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். அப்போதுதான் தங்கச்சி, "இத்த அமுக்கிப் பேசிடும்மா, எப்ப முடியுதோ அப்ப கேட்டுக்கறோம்" என்று சொல்லிக்கொடுத்தாள்.

அம்மாவின் மெசேஜுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், "சாப்ட்டியா, நான் சாப்ட்டேன்." பிறகு விஷயம். கடைசியில், "சரி வெச்சுடறேன்." ஆனால் வைக்கமாட்டாள். விரல் மைக்கின் மேலேயே இருக்கும். ஆட்டை விரட்டுவது, எதிர்வீட்டுக்காரியோடு குழாயடிச் சண்டை, ஜிஎஸ்டி ரோட்டில் போகிற பஸ் ஹாரன் எல்லாம் பின்னால் வால் மாதிரி நீண்டுகொண்டே வரும். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த வால்தான் ரொம்பப் பிடிக்கும். விஷயத்தை ஓட்டிவிட்டு வாலைக் கேட்ட நாட்களும் உண்டு.

வெச்சுடறேனுக்கு முன்னால் இன்னொரு வரியும் கட்டாயம் இருக்கும். "உங்கண்ணன் கையில சொல்லிடாத, இன்னா? சின்னவ கையிலயும் சொல்லாத. உன் மனசோட வெச்சுக்கோ."

இதைப் புரிந்துகொள்ள எங்கள் வீட்டுச் சோற்றுப் பழக்கம் தெரிய வேண்டும். சின்ன வயதில் அம்மா மீன் பொரித்தால் நாங்கள் உட்காருவதற்கு முன்பே மூன்று தட்டிலும் பங்கு வைத்துவிடுவாள். ஒருவர் தட்டை ஒருவர் பார்க்கக்கூடாது. பார்த்தால் கரண்டிக் காம்பு தலையில் விழும். உனக்கு வந்தது உனக்கு, அவனுக்கு வந்தது அவனுக்கு, அவ்வளவுதான் சட்டம். எனக்கு வால் துண்டு வந்ததா, அண்ணனுக்கு நடுத்துண்டு போனதா என்று இன்றுவரை தெரியாது. அப்படியே வளர்ந்துவிட்டோம்.

மீன் போய்க் கவலை வந்த பிறகும் அம்மா அதே மாதிரிதான் பங்கு வைத்தாள். நிலம், மோட்டார், ரேஷன், வீட்டுக் கூரை எல்லாம் அண்ணனுக்கு. கை வலி, கால் வலி எனக்கு. தங்கச்சிக்கு நல்ல சேதி மட்டும். அவள் கடைக்குட்டி, சட்டென்று அழுதுவிடுவாள். மூன்று பேரும் அவரவர் பங்கைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டோம். அம்மா என்னிடம் மட்டும்தான் மனம்விட்டுப் பேசுகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. அதே பெருமை மற்ற இரண்டு பேருக்கும் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

போன வருஷம் பொங்கல் முடிந்து அண்ணன் என்னைக் கூப்பிட்டான். அவனாகக் கூப்பிட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

"அம்மாவுக்கு ஞாபகம் போய்க்கினு கீது" என்றான். "மோட்டாரப் போட்டுட்டு மறந்துடறாங்க. கேஸ மூடறதில்ல. அன்னிக்கு நான் போயி நிக்கறேன், என்னைப் பாத்து அப்பான்னு நெனச்சுக்கினு பேசறாங்க."

தங்கச்சியும் பயந்திருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சரின் மாமியாருக்கு இப்படித்தான் ஆரம்பித்ததாம். அந்தம்மா கடைசியில் சொந்த மகனையே யாரென்று கேட்டார்களாம். இதைக் கேட்டதிலிருந்து தங்கச்சி தூங்கவில்லை.

அண்ணன் முடிவே செய்துவிட்டான். மாசி அறுவடை முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டு அம்மாவை மறைமலைநகருக்குக் கூட்டிப்போய்விடுவது. அவன் இருப்பது மூன்றாவது மாடி. பகலில் அவனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள். "வெளியில பூட்டிட்டுப் போவ வேண்டியதுதான், வேற என்ன பண்றது?" என்றான். சொல்லும்போது அவன் குரலும் உடைந்தது. கல்நெஞ்சக்காரன் என்று அவனைச் சொல்ல முடியாது. ஆனால் ஊர் வீட்டுக்கென்று புதிதாக ஒரு பெரிய பூட்டு வாங்கி வைத்துவிட்டான்.

அம்மாவிடம் சொன்னபோது அவள் கத்தவில்லை, சண்டை போடவில்லை. "உங்க இஷ்டம்" என்று மட்டும் சொன்னாள். அதுதான் என்னைக் கலங்கடித்தது. எதிர்வீட்டு முருங்கைக்கிளை எங்கள் வாசலில் நீண்டதற்கு ஒரு வருஷம் சண்டை போட்டவள் அவள். தன் வீட்டையே பூட்டுகிறோம் என்கிறோம், உங்கள் இஷ்டம் என்கிறாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஓட்டலில் புது ஏற்பாடு வந்தது. அதுவரை ரிசப்ஷனுக்கு ஒரு போன், ரெஸ்டாரன்டுக்கு ஒரு போன், கார் ஏற்பாடு செய்கிற டிராவல் டெஸ்க்குக்கு ஒரு போன். எடுக்க ஆள் இல்லாவிட்டால் வந்தவர்கள் குரலைப் பதிந்துவிட்டுப் போவார்கள். அதை அந்தந்த ஆள் கேட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மேனேஜர் மூன்றையும் சேர்த்து, எல்லாக் குரலும் ஒரே இடத்தில் வந்து விழுகிற மாதிரி செய்தார். அந்த இடம் என் கம்ப்யூட்டர். மூன்று பேர் வேலை ஒருத்தி தலையில் விழுகிறதே என்று நான் வாய்விட்டே புலம்பினேன். அதற்குக் 'குரல் டப்பா' என்று பேர் வைத்ததும் நான்தான், மரியாதையாக வைத்த பேர் இல்லை அது.

டப்பா வந்த கொஞ்ச நாளில் ஒரு குடும்பம் தங்க வந்தது. ஒரு காலையில் அந்த அறையிலிருந்து மூன்று குரல். ரிசப்ஷனுக்கு, அறையில் ஈர வாடை அடிக்கிறது என்று. ரெஸ்டாரன்டுக்கு டீ சொல்லும்போது, பையனை அனுப்பும்போது அலமாரிக் கதவைப் பார்க்க ஆளையும் அனுப்புங்கள், மூடவே மாட்டேன் என்கிறது என்று. டிராவல் டெஸ்க்குக்கு, குழந்தை இருமிக்கொண்டே இருக்கிறது, டாக்டரிடம் போகக் கார் வேண்டும் என்று. பழைய காலமாக இருந்தால் வாடைக்கு ஸ்பிரே போயிருக்கும், கதவுக்குத் தச்சர் போயிருப்பார், வாசலில் கார் நின்றிருக்கும். மூன்று பேரும் தன் வேலை முடிந்தது என்று போயிருப்பார்கள். நான் மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டேன். அலமாரியை நகர்த்தச் சொன்னேன். பின்னால் சுவருக்குள் பைப் உடைந்து, அலமாரி ஈரத்தில் ஊறிப் பருத்து, சுவர் முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தது. அவர்களை வேறு அறைக்கு மாற்றினோம்.

மேனேஜர் பாராட்டினார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கோவளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, அன்று மதியம் அம்மா அனுப்பியிருந்ததைக் கேட்டேன். "சாப்ட்டியா... நான் சாப்ட்டேன்... கையி மரத்துமரத்துப் போவுது... உங்கண்ணன் கையில சொல்லாத." எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் இருப்பது ஈர வாடை மட்டும்தானோ? கதவும் இருமலும் யார் போனில் இருக்கின்றன?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டில் கூடினோம். அண்ணன் பூட்டைப் பற்றிப் பேசத்தான் வந்திருந்தான். நான் என் பழைய போன் ஒன்றைச் சார்ஜ் போட்டு எடுத்துப்போயிருந்தேன். "அம்மா உங்களுக்கு அனுப்பின வாய்ஸ் எல்லாத்தையும் இந்த ஒரு போனுக்கு அனுப்புங்க" என்றேன்.

இரண்டு பேரும் நான் ஏதோ சொத்தைக் கேட்ட மாதிரிப் பார்த்தார்கள்.

"அது எனக்குச் சொன்னது" என்றான் அண்ணன். "உன் கையில சொல்லக்கூடாதுன்னு சொல்லி கீறாங்க."

"நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்க்கா" என்றாள் தங்கச்சி.

எனக்குக் கோபம் வந்தால் ரிசப்ஷன் குரல் ஓடிப்போய் அச்சரப்பாக்கம் குரல் வந்துவிடும். "தட்டப் பாக்காத தட்டப் பாக்காதன்னு வளத்தாங்க, நாம இன்னும் கண்ண மூடிக்கினே துன்னுகினு கீறோம். அம்மாவ மூணாவது மாடியில வெச்சுப் பூட்டப் போற, அதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசா அவங்க சொன்னத கேட்டுட்டுப் பூட்டு" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணன் போனை எடுத்தான்.

நினைத்த அளவு சுலபமாக இல்லை. இன்னொரு போனுக்கு அனுப்பினால் எல்லாமே இன்றைக்கு வந்த மாதிரிதான் விழுகிறது, முன்னது எது பின்னது எது என்று தெரிவதில்லை. அதனால் தங்கச்சி வகுப்பு எடுக்கிற மாதிரி ஒழுங்கு வைத்தாள். சித்திரை மாதத்து மெசேஜ் யாரிடம் இருக்கிறதோ, அவர் முதலில் போடட்டும். அடுத்து யார், போடு. எனக்கும் அவளுக்கும் தேதி இருந்தது. அண்ணன் நடுவில் போனை மாற்றியதில் அவனுடைய குரல்கள் எல்லாம் ஒரே தேதியில் குவியலாகக் கிடந்தன.

அவனுடையதைக் காதால்தான் பிரித்தோம். அம்மாவின் வால் அப்போது கைகொடுத்தது. பின்னால் கோயில் ஸ்பீக்கர் அலறினால் ஆடி, கூழ் ஊற்றுகிறார்கள். வெடி வெடித்தால் தீபாவளி. தவளை கத்தினால் அதற்கடுத்த மழை. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிகிறது என்று யாரோ தெருவில் கத்திக்கொண்டு ஓடுவது ஒன்றில் கேட்டது, அது கார்த்திகை. அறுவடை மிஷின் சத்தம் இப்போதையது. ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அண்ணன் அது மழைக்காலம் என்றான், நான் இல்லை என்றேன். தங்கச்சி போனைக் காதோடு வைத்துக் கேட்டுவிட்டு, "ஐஸ் வண்டி மணி கேக்குது பாரு, இது கோடை" என்றாள். பள்ளி லீவு நாட்களில் அந்த வண்டி வந்தால் நாங்கள் ஓடிய ஓட்டம் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. அண்ணன் பூட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டான்.

பிறகு முதலிலிருந்து போட்டோம். ஆரம்பத்தில் ஒரே சிரிப்பு. ஒவ்வொருவரிடமும் அம்மா மற்றவர்களைப் பற்றிச் சொன்னதெல்லாம் இப்போது சம்பந்தப்பட்டவர் காதிலேயே விழுந்தது. "பெரியவனுக்குக் கோவம் மூக்கு மேல, அவங்கப்பன் மாதிரி" என்பது என் போனிலிருந்து. "நடுவுளவ வாயத் தொறந்தா மூடமாட்டா, அவ புருசன் பாவம்" என்பது அண்ணன் போனிலிருந்து. அவன் அதை இரண்டாவது தடவையும் போட்டான்.

சிரிப்பு எப்போது நின்றது என்று தெரியவில்லை.

என் பங்கில் அம்மா சொன்னாள்: "ஆவணி வெயிலு கொளுத்துது, எனக்குக் குளுருது, போர்வ போத்திக்கினு ஒக்காந்து கீறேன்." அண்ணன் பங்கில்: "மோட்டார நிறுத்தறத்துக்குள்ள ஒக்காந்துட்டேன் பெரியவனே, எழுந்துக்கவே முடில, அப்பறம் மறந்தே போய்ட்டேன்." தங்கச்சியின் நல்ல சேதிப் பங்கில்: "சின்னவளே, ஒடம்பு நல்லா பூசினாப்ல கீது, ஜாக்கெட்டே பத்தல. மூஞ்சிகூட உப்பலா கீதுன்னு எதிர்வூட்டுக்காரி சொல்றா." தங்கச்சி அதைக் கேட்டு அப்போது சந்தோஷப்பட்டிருக்கிறாள். அடுத்த மெசேஜில் தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டுகிறது என்றபோது எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தனுப்பியிருக்கிறாள். நான் என் பங்குக்கு அம்மாவை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறேன். அவரிடமும் அம்மா என் முன்னால் கை வலியை மட்டும்தான் சொன்னாள். மற்றதெல்லாம் வேறு பிள்ளைகளின் தட்டில் வைத்தாகிவிட்டது அல்லவா? கை வலிக்குத் தைலம் எழுதிக்கொடுத்தார்.

இவ்வளவும் அவள் சொன்ன விஷயம். நான் பயந்தது அவள் குரலைக் கேட்டு. நாள் முழுக்கக் குரல் கேட்கிற வேலை என்னுடையது. "சாப்ட்டியா, நான் சாப்ட்டேன்" என்பது எல்லா மெசேஜிலும் இருந்தது. சித்திரையில் அது கண்சிமிட்டும் நேரத்தில் ஓடியது. ஆடியில் நடந்தது. தையில், "சாப்ட்டியா" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்கு வர ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் ஆனது. குரல் தடித்து, கரகரத்து, யாரோ ஆம்பிளை பேசுவது போல இருந்தது. வாலிலும் சண்டை இல்லை, ஆடு விரட்டல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. தினம் ஒன்றாகக் கேட்டபோது எங்களுக்குத் தெரியவே இல்லை.

முதல் மெசேஜையும் கடைசி மெசேஜையும் அடுத்தடுத்துப் போட்டேன்.

"க்கா, இது அம்மாவே இல்ல" என்று தங்கச்சி அழுதாள்.

"வயசானா அப்படித்தான் ஆவும்" என்றான் அண்ணன், அவனுக்கே நம்பிக்கை இல்லாமல்.

"ஒரே வருஷத்துலயா?" என்றேன்.

அந்த வாரமே மூன்று பேரும் லீவு போட்டு அம்மாவைச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். மூன்று பேரும் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்து அம்மாவே மிரண்டாள். "எதுக்கு எல்லாரும் வந்து கீறீங்க, யாரு செத்தா?" என்றாள், மெதுவாக. என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டதும் அம்மா எங்கள் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தாள். யார் பங்கைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில், "ஒண்ணியும் இல்ல, நல்லாத்தான் கீறேன்" என்றாள்.

நான் போனை எடுத்து மேஜை மேல் வைத்து முதல் குரலைப் போட்டேன். எதிர்வீட்டுக்காரியைக் கிழிகிழி என்று கிழிக்கிற குரல். பிறகு கடைசிக் குரல். டாக்டர் இரண்டையும் இன்னொரு முறை போடச் சொன்னார். அம்மா இரண்டாவது குரலைத் தலை சாய்த்துக் கேட்டாள்.

"இது யாரு?" என்றாள். "நானா?"

டாக்டர் அம்மாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், முழங்காலில் தட்டிப் பார்த்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "தைராய்டு ரொம்ப கம்மியாயிருக்கு. குளிரு, வீக்கம், முடி கொட்டறது, கை மரத்துப்போறது, குரல் மாறுறது, எல்லாம் அதுதான். மறதியும் பெரும்பாலும் அதனாலதான் இருக்கும். மாத்திரை போட்டா சரியாகும். உடனே ஆகாது, பொறுமையா இருக்கணும்."

"அப்ப ஞாபகம் திரும்பி வருமா?" என்று அண்ணன் கேட்டான்.

"வரும்னு நம்பறேன். பாப்போம்."

தங்கச்சி வராந்தாவில் சுவரில் சாய்ந்துகொண்டு ஓவென்று அழுதாள். வருகிறவர்கள் எல்லாம் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் அழுதேன், சந்தோஷத்தில்தான். அண்ணன் எல்லாருக்கும் டீ வாங்கி வருகிறேன் என்று போய், தன் பங்கு அழுகையை டீக்கடையில் முடித்துக்கொண்டு சிவந்த கண்ணோடு வந்தான்.

அம்மாவுக்குத்தான் சந்தோஷம் இல்லை. காரில் வரும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "யார் கையிலயும் சொல்லாதன்னு சொன்னேன். மூணும் ஒண்ணா சேந்துகினு எல்லாத்தையும் ஒரே சட்டியில கொட்டிட்டீங்களே" என்றாள்.

"ஏம்மா பிரிச்சுப் பிரிச்சுச் சொன்ன?" என்று கேட்டேன்.

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "ஒருத்தர் கையிலயே எல்லாத்தையும் சொன்னா... அவங்க பயந்துகினு வேலய வுட்டுட்டு வந்து நிப்பாங்க. ஆளுக்குக் கொஞ்சம் குடுத்தா யாருக்கும் பாரம் தெரியாதுன்னு பாத்தேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது. எனக்கு அப்போது அவள் மேல் வந்த அன்பை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. எங்களுக்குப் பாரம் தெரியக்கூடாதென்று தன்னையே துண்டு துண்டாக நறுக்கிப் பங்கு வைத்திருக்கிறாள்.

அண்ணன் பூட்டு விஷயத்தைத் தள்ளிப்போட்டான். "ஆடி வரைக்கும் பாப்போம்" என்றான். அதுவரை முறை போட்டுக்கொண்டு ஊரில் போய்த் தங்கினோம். காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை, பிறகு கொஞ்ச நேரம் காபி கிடையாது. அந்தக் கொஞ்ச நேரம் அம்மாவுக்கு ஒரு யுகம். மாத்திரையை விட அதுதான் கொடுமை என்றாள்.

என் பழைய போனில் அம்மாவையும் சேர்த்து ஒரு குரூப் போட்டோம். இனிமேல் எந்தச் சேதியானாலும் அதில்தான் போட வேண்டும், ரகசியம் கிடையாது என்று சட்டம். அதற்கும் குரல் டப்பா என்றே பேர் வைத்தேன், இந்தத் தடவை மரியாதையாகத்தான். நாங்களும் டைப் அடிக்காமல் குரலாகவே போட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளால் முடியாது.

முதலில் ஒன்றும் மாறவில்லை. சித்திரை போனது, வைகாசி போனது. ஒவ்வொரு மெசேஜிலும் அந்தச் "சாப்ட்டியா"வுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஒரு நாள் நடுவில் இருந்த இடைவெளி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் ஆசையில் அப்படிப் படுகிறதோ என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனி முடிகிற சமயம் காலையில் ஓட்டலில் கூட்டம் மொய்த்துக்கொண்டிருந்தது. எங்கள் டப்பாவில் அம்மா. மேஜைக்கு அடியில் குனிந்து காதில் வைத்தேன்.

"சாப்ட்டீங்களா நான் சாப்ட்டேன். பெரியவனே, பூட்டு வாங்கினியே பெரிய பூட்டு, அத்த மோட்டார் ரூமுக்குப் போட்டுட்டேன், ஒயர் திருடறானுங்க. சின்னவளே, நீ குடுத்த எண்ண நாறுது. நடுவுளவளே, நேத்து ஏண்டி டப்பாவுல ஒண்ணியும் போடல, வாயி வலிக்குதா? சரி வெச்சுடறேன்."

வைக்கவில்லை. வாலில் எதிர்வீட்டுக்காரியின் பேர் கேட்டது, முருங்கைக்கிளை என்பது கேட்டது, அதற்கு மேல் எழுத முடியாத ரெண்டு வார்த்தை கேட்டது. நான் மேஜைக்கு அடியிலிருந்து எழுந்தபோது எதிரில் நின்ற விருந்தினர், "ஏதாவது நல்ல செய்தியா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஆடி வந்து போய்விட்டது. பூட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, அதுதான் மோட்டார் ரூமில் தொங்குகிறதே. பிறகு ஒரு நாள் அம்மாவிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு குரல் தனியாக வந்தது. பழைய புத்தி போகவில்லை பார் என்று எரிச்சலோடு திறந்தேன்.

"நடுவுளவளே, இத்த டப்பாவுல போடாத. பெரியவன் கொரலு சரியில்ல. நீங்க எனக்குப் பண்ணீங்க பாரு, அதே மாதிரி சித்திரையில அவன் போட்டதையும் நேத்து போட்டதையும் அடுத்தடுத்து வெச்சுக் கேளு. அவன் தூங்கி எத்தினி நாள் ஆச்சோ. கேட்டா ஒண்ணியும் இல்லம்பான். அவன் கையில சொல்லிடாத."

கேட்டேன். அம்மா சொன்னது சரி. இரண்டாவது குரலில் அண்ணன் ஒவ்வொரு வாக்கியத்தையும் பாதியில் விட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான். நான்தானே குரல் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள், எனக்கு எப்படித் தெரியாமல் போனது?

சொல்லாதே என்றாள். நான் அந்தக் குரலை அப்படியே டப்பாவில் போட்டேன். சட்டம் சட்டம்தான்.

பிறகு டப்பாவில் அண்ணன் குரல் வந்தது. கம்பெனியில் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்களாம், பகலில் படுத்தால் கண் மூடுவதில்லையாம், மூன்றாவது மாடி தகரமாகக் காய்கிறதாம். "அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்லம்மா" என்று முடித்தான். அந்த 'அம்மா'வைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

அம்மாவிடமிருந்து பதில் உடனே வந்தது. "சனிக்கெழம கெளம்பி வூட்டுக்கு வா."

ஞாயிறு மதியம் எனக்கு டியூட்டி. கடல் காற்றில் ரிசப்ஷன் கதவு அடித்துக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு டப்பாவில் ஒரு குரல் வந்து விழுந்தது. இந்தத் தடவை சாப்ட்டியா இல்லை. அம்மா ரகசியமாக, மூச்சுக்குள்ளேயே பேசினாள்.

"யாரும் இப்ப போன் கீன் பண்ணாதீங்க. பெரியவன் தூங்கறான். காலையில படுத்தான், இன்னும் எழுந்துக்கல. வெச்சுடறேன்."

வைக்கவில்லை. ஓட்டல் வாசலில் யாரோ பெட்டியை இழுத்துக்கொண்டு வருகிற சத்தத்துக்கு நடுவில், பழைய மின்விசிறி கடகடவென்று சுற்றுவதையும், தான் பூட்டிவிடப் பார்த்த வீட்டில் என் அண்ணன் குறட்டை விடுவதையும் கடைசிவரை கேட்டேன்.